கோமுவின் நாற்பத்து மூன்று

பாளையங்கோட்டையில் மார்க் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பதினோரு வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிற சித்ரலேகாவிடம், மார்க் கூடினால் கெடுதல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். யாரும் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அவளுடைய ஒரே மகள் கோமதி. வீட்டில் கோமு. ஏழு வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, பிறந்தவுடன் அழ மறந்துபோன பிள்ளை. ஒன்றரை வயதில் மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். புத்தியில் ஒரு குறையும் இல்லை; வாயோ ஏழு ஊருக்குப் பேசும். கால்கள் இரண்டும்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னபடி கேட்காது. வாக்கரைப் பிடித்துக்கொண்டால் பள்ளிக்கூட வராந்தா முழுக்க நடப்பாள். கையை விட்டால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நிற்பாள், அப்புறம் சாய்ந்துவிடுவாள்.

சமாதானபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் அறக்கட்டளை ஒன்று பயிற்சி மையம் நடத்தியது. அங்கே கோமுவுக்கு வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. இரண்டே பயிற்சியாளர்கள், பதினெட்டுப் பிள்ளைகள். வெளியே முப்பத்தொரு பிள்ளைகளின் பெயர் நோட்டில் எழுதிக் காத்திருந்தது. கோமுவைக் கவனித்தவள் பாக்கியவதி, உவரிக்காரி. கடற்கரையில் பிறந்தவளுக்குரிய கனத்த குரல். பிள்ளைகள் அந்தக் குரலுக்குப் பயப்படாமல் அதோடு சரிக்குச் சரி கத்துவார்கள்.

நான்கு மாதத்துக்கு ஒரு முறை சமநிலைப் பரிசோதனை நடக்கும். மொத்தம் பதினான்கு கேள்வி. கேள்வி என்றால் வாயால் பதில் சொல்வதல்ல, உடம்பால் சொல்வது. நாற்காலியிலிருந்து எழுந்திரு, எதையும் பிடிக்காமல் முப்பது விநாடி நில், கண்ணை மூடிக்கொண்டு நில், ஒற்றைக்காலில் நில், தரையில் கிடப்பதைக் குனிந்து எடு, திரும்பிப் பின்னால் பார். ஒவ்வொன்றுக்கும் நான்கு மார்க், ஆக ஐம்பத்தாறு. கோமு முதல் தடவை இருபத்தேழு வாங்கினாள். இரண்டாம் தடவை இருபத்தெட்டு.

அன்றைக்குப் பாக்கியவதி தாளை மடித்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

"டீச்சர், அடுத்த தடவையும் இப்படியே நின்னுச்சுன்னா வாரம் மூணு நாள் தர முடியாது. வீட்டுலயே செய்யுங்கன்னு எழுதிக் குடுத்துருவாங்க. முன்னேற்றம் இல்லாத பிள்ளைக்கு எடத்தப் புடிச்சு வைக்கக் கூடாதுங்கிறது இங்க சட்டம்."

இந்த மையம் கிடைப்பதற்கு ஒன்றரை வருஷம் நடையாய் நடந்தவள் சித்ரலேகா. சுற்றுவட்டாரத்தில் இதைப்போல் இன்னொன்று இல்லை. இதுவும் கையைவிட்டுப் போனால் கோமு காலத்துக்கும் தரையில் தேய்த்துக்கொண்டே போகவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். வராந்தாவில் மேலப்பாளையத்துப் பாத்து என்கிற பெண் ஒருத்தி, நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து, எங்க முறை வந்துட்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் பஸ் ஏறிப் போவாள். அவளைப் பார்க்கச் சித்ரலேகாவுக்குப் பயமாக இருந்தது. தன் பிள்ளையின் இடத்தில் அந்தப் பிள்ளை ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டதைப்போல இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள், பாக்கியவதி உள்ளே அழுத பிள்ளை ஒன்றைத் தூக்கப் போயிருந்தாள். பரிசோதனைத் தாள் மேஜைமேல் கிடந்தது. எதற்கு எத்தனை விநாடி, எத்தனை விநாடிக்கு எத்தனை மார்க் என்று எல்லாம் அதில் இருந்தது. சித்ரலேகா செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

இதை அவள் திருட்டு என்று நினைக்கவில்லை. பழைய வினாத்தாளை வைத்துப் படிப்பதெல்லாம் திருட்டென்றால் இந்த ஊரில் பாதி எஞ்சினியர்களைப் பிடித்து உள்ளே வைக்கவேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதே வருஷம் காலாண்டுத் தேர்வில் முழங்கையில் சூத்திரம் எழுதி வந்த பையனை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று மூன்று நாள் வெளியே நிறுத்தியவளும் இவள்தான்.

மறுநாளே மகாராஜநகர் வீட்டுக் கூடத்தில் டியூஷன் ஆரம்பமாயிற்று. உலகத்தில் நிற்பதற்கு டியூஷன் எடுத்த முதல் டீச்சர் இவளாகத்தான் இருப்பாள். தரையில் சாக்பீஸ் கோடு, சமையலறை முக்காலி, குனிந்து எடுக்க ஒரு டஸ்டர், நேரம் பார்க்கச் செல்போன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை. கோமுவுக்கு விளையாட வேண்டும் என்று இருக்கும். ஆனாலும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நிற்பாள்.

முதல் வாரம் ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டாம் வாரம் சித்ரலேகா ஒரு வழி கண்டுபிடித்தாள். முழங்காலைப் பின்னால் தள்ளி விறைப்பாகப் பூட்டிக்கொண்டால் ஆட்டம் குறைந்தது. மூச்சை அடக்கினால் இன்னும் குறைந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தை ஒன்று இருந்தது. அங்கே இங்கே பார்க்காமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கல்லாய் நின்றாள்.

"அங்கன இங்கன பாக்காதட்டி. அம்மாவ மட்டும் பாரு. அம்மா மொகத்துலயே கண்ண வச்சுக்கோ."

கோமு பார்த்தாள். அவள் பார்த்த பார்வைக்கு வேறு எந்தத் தாயும் உருகிப் போயிருப்பாள். இவள் செல்போனில் விநாடியை எண்ணினாள். பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து.

கண்ணை மூடி நிற்பதுதான் வரவே இல்லை. மூடினால் அடுத்த நொடி சாய்ந்தாள். ஒரு நாள் சித்ரலேகா அதற்கும் வழி சொல்லிக் கொடுத்தாள். முழுசா மூடாதே, இமைக்கு அடியில் கொஞ்சூண்டு திறந்து வைத்துக்கொள், அம்மாவின் நீலச் சேலை தெரிகிறதா, அதைப் பார்த்துக்கொண்டே நில் என்றாள்.

"அது காப்பி அடிக்கது இல்லையாம்மா?" என்று கோமு கேட்டாள்.

"இல்ல. இது பரீட்ச இல்ல, கோமு."

அவள் கணவன் கணேஷ்ராம் ராதாபுரம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தான். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன், வீடு சேரும்போது பாதி உயிர்தான் இருக்கும். ஒரு நாள் கொஞ்சம் முன்னாலேயே வந்து, சட்டையைக் கழற்றாமல் நின்று இந்தப் பாடத்தைப் பார்த்தான். பிள்ளை மூச்சே விடல, பார்த்தியா என்றான். விட்டா ஆடுதாளே என்று இவள் சொன்னாள்.

"நிக்கதுக்கு எதுக்குட்டி மூச்ச புடிக்கணும்? ஒலகத்துல யாரு அப்படி நிக்கா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. பரிசோதனைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

அந்த நாளும் வந்தது. சித்ரலேகா நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போய், சுவரோரம் நாற்காலியைக் கோமுவுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாக்கியவதி எழுந்திரு என்றாள், கோமு எழுந்தாள். நில் என்றாள், நின்றாள். முப்பது விநாடி, முழுதாக நான்கு மார்க். கண்ணை மூடச் சொன்னபோது இமைகள் இலேசாகத் துடித்தன. பயத்தில் துடிக்கிறது என்று பாக்கியவதி நினைத்துக்கொண்டாள். ஒற்றைக்காலுக்குக்கூட இரண்டு கிடைத்தது. திரும்பிப் பின்னால் பார்ப்பதில் மட்டும் ஒன்றுதான், திரும்பியதும் தள்ளாடிவிட்டாள். இதென்ன, மற்றதெல்லாம் செய்யுதாளே, இதுல மட்டும் தடுமாறுதாளே என்று பாக்கியவதி ஒரு கணம் யோசித்தாள். ஆனால் கூட்டிப் பார்த்தபோது வந்த எண் அந்த யோசனையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நாற்பத்து மூன்று.

பாக்கியவதி கோமுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது. மூன்று வருஷ வேலையில் ஒரு பிள்ளை இப்படி ஏறி அவள் பார்த்ததில்லை. சித்ரலேகாவும் அழுதாள். நல்லதுக்கு அழுகிறோம் என்றுதான் அவள் நினைத்தாள்.

அப்புறம்தான் பாக்கியவதி சட்டத்தின் மறுபாதியைச் சொன்னாள். முன்னேறாத பிள்ளைக்கு மட்டுமல்ல, நாற்பதைத் தாண்டிய பிள்ளைக்கும் இங்கே வாரம் மூன்று நாள் கிடையாது. மாதம் ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போனால் போதும். அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு. பள்ளிக்கூடத்தில் இனி வாக்கர் வேண்டாம், சுவரைப் பிடித்து நடக்கட்டும் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

மேடம், கொஞ்ச நாள் இன்னும் வரட்டுமே என்று மட்டும் சித்ரலேகா கேட்டாள். பாக்கியவதி சிரித்தாள். "பாஸான பிள்ளைய மறுபடி அதே வகுப்புல ஒக்கார வைப்பியளா, டீச்சர்?"

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அந்த நாற்பத்து மூன்றை அவளே பாதி நம்பிவிட்டாள். தாளில் எழுதிய மார்க்கை நம்பாத கணக்கு டீச்சர் உண்டா? பிள்ளை நின்றது கண்ணால் பார்த்த உண்மைதானே என்று மனசு சொல்லிற்று.

அந்த இடம் இனி தன் மகளுக்கு என்ற சேதி வராந்தாவில் பாத்துவிடம் அதற்குள் போயிருந்தது. அவள் ஓடிவந்து கோமுவின் கன்னத்தைத் தடவி விரலில் முத்தம் வைத்துக்கொண்டாள்.

"ஒங்க பிள்ள நடந்த எடம் டீச்சர். எம் பிள்ளைக்கும் பரக்கத்தா, நல்லபடியா இருக்கும்."

சரியாகப் பத்தொன்பதாம் நாள் அது நடந்தது. மதிய இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோமு வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் கீழே போட்ட பென்சில் டப்பாவை எடுத்த தோழி ஹம்ஸினி, பின்னாலிருந்து, கோமு என்று கூப்பிட்டாள். கோமு திரும்பினாள். திரும்பினவள் அப்படியே வராந்தா விளிம்பிலிருந்து மூன்று படிக்குக் கீழே முகம் குப்புற விழுந்தாள்.

முன்பல் இரண்டு போயிற்று. நாடியில், உதட்டுக்குக் கீழே, நான்கு தையல். இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. சித்ரலேகா ஆட்டோவில் போய் இறங்கும்போது, பிள்ளையின் சீருடைச் சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து கிடந்தது. தலைமையாசிரியை அந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். வாக்கர் வேண்டாமென்று அங்கே எழுதிக் கொடுத்திருக்காங்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

காயம் ஆறிக்கொண்டு வந்தது. ஆறாதது வேறு. கோமு அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. தூக்கி நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு தொங்கினாள். வாக்கரைக் கண்டாலே அழுதாள். கூடத்திலிருந்து அடுக்களைக்கு ஒரு கையை ஊன்றித் தேய்த்துக்கொண்டே போனாள். வாய் ஓயாத பிள்ளை, கேட்டால் மட்டும் பதில் சொன்னாள். இப்படியே விட்டால் குதிகால் நரம்பு இன்னும் இழுத்துக்கொள்ளும், அப்புறம் கத்தி வைக்காமல் முடியாது, உடனே பயிற்சியை ஆரம்பியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் சித்ரலேகா மகளை மடியில் போட்டுக்கொண்டு, பயப்படாதே, முன்னால நல்லா நின்னியே என்று கெஞ்சினாள்.

"வீட்டுல நீ இருக்க. ஸ்கூல்ல நீ இல்லயே," என்றாள் கோமு. பல் போன இடத்தில் காற்று வந்தது. "அங்கன நான் எதப் பாக்க?"

சித்ரலேகாவுக்கு அன்றுதான் எல்லாம் விளங்கிற்று. பிள்ளை நிற்கப் படிக்கவில்லை. அம்மாவின் முகத்தில் தொங்கப் படித்திருந்தாள். முகம் இல்லாத இடத்தில் பிடி இல்லை. இதைச் செய்தது தன் கை என்று தெரிந்தபோது அவளுக்குச் சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கணேஷ்ராம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனாள். காலில் விழுந்தாவது இடத்தைத் திரும்ப வாங்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு போனாள். அங்கே போனால் எதிர்பாராத வரவேற்பு இருந்தது. அறக்கட்டளைச் செயலாளர் மகேஸ்வரன் தானே எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பு யார் செய்தாலும் அவருக்கு ஆகாது. தன் பக்கத்துத் தப்பென்றால் இன்னும் ஆகாது. பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்குச் சேதி வந்திருந்தது.

இது எங்க தப்பு டீச்சர், மதிப்பீட்டில் தப்பு நடந்திருக்கு என்று அவர் சொன்னார். மேஜையோரம் பாக்கியவதி கோமுவின் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கனத்த குரலைக் காணோம்.

"நாந்தான் சார் பாத்தேன். நாந்தான் மார்க் போட்டேன். சந்தோசத்துல அவசரப்பட்டுட்டேன் போலுக்கு," என்றாள்.

மகேஸ்வரன் தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார். இப்போதே தன் கண்முன்னால் மறுபடி ஒரு பரிசோதனை. நாற்பதுக்குக் கீழே வந்தால் இன்றைக்கே கோமுவுக்கு இடம் திரும்பக் கிடைக்கும். மேலப்பாளையத்துப் பிள்ளை பட்டியலுக்குத் திரும்பிப் போகவேண்டியிருக்கும். அது பாவம்தான், ஆனால் வேறு வழியில்லை. பாக்கியவதியை வேலையில் வைத்துக்கொள்வதா என்று மாதக் கடைசியில் ஒரு முடிவு எடுப்பார்.

சித்ரலேகா வாயைத் திறக்க வேண்டாம். ஒரு பொய் சொல்ல வேண்டாம், கெஞ்ச வேண்டாம். சும்மா இருந்தால் போதும், பிள்ளைக்குக் கால் கிடைத்துவிடும். இரண்டு வாரமாக நிற்காத பிள்ளை இன்றைக்கா நாற்பது வாங்கப் போகிறாள்? சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பாக்கியவதியின் பக்கம் மட்டும் திரும்பாமல் பார்த்துக்கொண்டாள்.

பிள்ளை பயந்து கிடக்கிறாள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பாக்கியவதி சொல்லிப் பார்த்தாள். முதல் நாலைந்து மட்டும் பாருங்கள் போதும் என்றார் மகேஸ்வரன். கோமுவைச் சின்ன நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சித்ரலேகா பழைய இடத்தில், சுவரோரம் உட்கார்ந்தாள். அவசரத்தில் கொடியில் கைக்கு வந்ததைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அது அந்த நீலச் சேலை.

"கோமு, எந்திரிக்கியாம்மா?" என்றாள் பாக்கியவதி.

கோமு அறையைச் சுற்றிப் பார்த்தாள். தெரியாத மனிதர் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். நீலச் சேலையைப் பார்த்தாள். ஓகோ, இது வீட்டில் படித்த அந்தப் பாடம், என்று அந்த முகம் தெளிந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு பைய எழுந்தாள்.

நின்றாள். இரண்டு வாரமாகத் தரையை விடாத பிள்ளை, அம்மா கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முழங்காலைப் பின்னால் பூட்டி, மூச்சை அடக்கி, கண்ணை அம்மாவின் முகத்தில் வைத்து நின்றாள். கன்னம் உப்பியது. நாடியில் தையல் போட்ட இடம் வெளுத்தது. பாக்கியவதியின் கையில் கடிகாரம் ஓடிற்று. ஐந்து. எட்டு. பன்னிரண்டு.

மகேஸ்வரனின் புருவம் ஏறிற்று. இவள் இப்படியே நின்றுகொண்டு போனால் நாற்பத்து மூன்று சரி என்றாகிவிடும். இடம் போய்விடும்.

விழு, என்று நினைத்தாள் சித்ரலேகா. விழுந்துரு தாயி, விழுந்துரு. பெற்ற வயிறு அப்படி நினைக்குமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நினைத்தது. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, வேண்டுதலைப்போல மனசு முழுக்க அதையே சொல்லிற்று. எப்படி விழவைப்பது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். எழுந்து போகவேண்டாம், பேசவேண்டாம். முகத்தைத் திருப்பினால் போதும்.

திருப்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் பாத்து, மகளின் காலில் புது பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டையில் பூப்படம் போட்டிருந்தது. அந்தப் பிள்ளை அதைக் காட்டி என்னமோ கேட்டது. சித்ரலேகா பார்த்தது அவ்வளவுதான். பின்னால் பாக்கியவதி பாய்ந்த சத்தம் கேட்டது.

பாக்கியவதி பிள்ளையைக் கீழே விழாமல் பிடித்துவிட்டாள். கோமு அழவில்லை. பாக்கியவதியின் கைக்குள் மடிந்து கிடந்தபடியே கேட்டாள்.

"ஏம்மா திரும்பிக்கிட்ட? நான் மூச்சு விடலயே. சரியாத்தான நின்னேன்?"

மகேஸ்வரனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாக்கியவதிக்கு மெல்லப் புரிந்தது. அவள் பிள்ளையின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு சித்ரலேகாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள். சித்ரலேகா கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, பரிசோதனைத் தாளின் படத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"மேடம் மார்க் சரியாத்தான் சார் போட்டாங்க. நாந்தான் பிள்ளைக்குக் காப்பி அடிக்கப் படிச்சுக் குடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கால், மூச்சு, இமைக்கு அடியில் பார்ப்பது, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும், எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், இடத்தை மட்டும் பிள்ளைக்குத் திரும்பக் கொடுத்துவிடுங்கள், வராந்தாவில் கூட்டிப் பெருக்கக்கூட வருகிறேன் என்று கைகூப்பி அழுதாள். மகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க செஞ்சதுக்கு அந்த மேலப்பாளையத்துப் பிள்ளைய நான் எப்படி வெளிய அனுப்ப, டீச்சர்? அது என்ன தப்பு செஞ்சுது?"

கோமுவின் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதினார்கள். முப்பத்தொன்று.

பாக்கியவதி வாசல்வரை கூட வந்தாள். அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை, ஆறியிருக்கவும் நியாயமில்லை. ஆனாலும் ஆட்டோ வந்தபோது, பிள்ளையைப் பார்த்ததும் மனசு கேட்காமல் பேசினாள்.

"எங்க ஊருல வள்ளத்துல நிக்க ஆளு முட்டிய வெறைச்சுக்கிட்டு நின்னா ஒரு அலைக்குத் தாங்க மாட்டான். முட்டி தளதளன்னு இருக்கணும். ஆடணும். ஆடி ஆடித்தான் நிக்கணும். நீங்க ஆட்டத்த நிப்பாட்டிட்டிய, டீச்சர்." கொஞ்சம் பொறுத்து, செய்யவேண்டியதையும் சொன்னாள். பிள்ளையை ஒரு மேஜையோரம் நிறுத்தி, கைக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும். நீங்கள் முன்னால் நிற்கவே கூடாது. பின்னால் நில்லுங்கள். பேசாதீர்கள், தொடாதீர்கள். விழுந்தால் மட்டும் பிடியுங்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் அந்த மேஜை. பழைய பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னாள். முதல் நான்கு நாள் கோமு நாற்காலியை விட்டு எழவில்லை. ஐந்தாம் நாள் எட்டாத பொத்தானுக்காக எழுந்து, வயிற்றை மேஜையில் சாய்த்து நின்றாள். சித்ரலேகா ஒரு சாண் பின்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். தொட முடியாத கை எவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பத்தாம் நாள் கோமுவின் வயிறு மேஜையைவிட்டு விலகியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒரு சிவப்புப் பொத்தானை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால்கள் இரண்டும் இலேசாக நடுங்கின. பூட்டியிருக்கவில்லை. அப்புறம் அவளுக்கே தெரிந்துவிட்டது. பொத்தான் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"அம்மா, இருக்கியா?"

சித்ரலேகா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டுத்தான் அன்றைக்குப் பிள்ளை விழுந்தாள். இப்போதும் குரல் கொடுத்தால் திரும்புவாள்.

"அம்மா. இருக்கியாம்மா?"

பதில் சொல்ல முடியாமல் அவள் அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. கோமு காத்திருந்தாள். அப்புறம் யாரும் சொல்லாமல், ஒரு விரலை மட்டும் மேஜையில் வைத்துக்கொண்டு, கழுத்தைப் பையப் பையத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். அம்மாவின் நனைந்த முகத்தைப் பார்த்தாள்.

"இருந்துக்கிட்டே நீ ஏன் பேச மாட்டேங்க?" என்றாள். முழங்கால் மடங்கிற்று.

சித்ரலேகா பிடித்தாள். இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். பொத்தான்கள் கூடம் முழுக்க ஓடின. ஐந்து விநாடி இருக்கும், அதிகம் போனால் ஆறு. அந்தத் தாளில் இதற்குப் பூஜ்யம். பட்டியலில் அவர்கள் எண் அன்றைக்கும் முப்பத்தொன்றுதான். மையத்திலிருந்து ஒரு பிள்ளையும் விலகியிருக்கவில்லை. குதிகால் நரம்பு எத்தனை நாள் பொறுக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

கோமு அம்மாவின் நாடியைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"நீ அங்கன பாரு. இப்பம் நான் நிக்கேன். பேசாண்டாம், பின்னால மட்டும் இரி."

சித்ரலேகா மகளைத் தூக்கி மேஜையோரம் நிறுத்திவிட்டு, ஒரு சாண் பின்னால் போய் நின்றாள்.